இருபதில் நின்ற முள்

முள் நடுங்குகிறது, பதினெட்டைத் தொட்டு, பத்தொன்பதைத் தாண்டி, இருபதுக்கு ஒரு மயிரிழை முன்னால் போய், மேலும் கீழும் ஆடி அடங்குகிறது, தராசின் இரும்புக் கொக்கியில் தொங்கும் நீல மூட்டையை யாரோ கையால் தொட்டு நிறுத்துகிறார்கள், சீருடை அணிந்த பெண் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தலையசைக்கிறாள், அந்த மூட்டையைச் சுமக்கப்போகிற இலாரியோ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஐம்பது வயதிருக்கும், ஒரு கன்னத்தில் களைப்புத் தெரியாமலிருக்க அடக்கிய கோக்கா இலை உப்பிக்கொண்டிருக்கிறது, நான் பத்தடி தள்ளி வரிசையில் நிற்கிறேன், என் முதுகுப் பைக்குள் பத்து லிட்டர் குக்கர் இருக்கிறது, அதன் கைப்பிடி என் முதுகெலும்பை அழுத்துகிறது, பொறுத்துக்கொண்டு புன்னகைக்கிறேன், சோதனைச் சாவடியில் எல்லோரும் அப்படித்தானே புன்னகைப்பார்கள், முப்பத்திரண்டு வருடம் அந்தப் புன்னகையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், கோயமுத்தூரில் முத்திரை ஆய்வாளராக இருந்தேன், தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை வைக்கிற வேலை, கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டி எடுத்தவர்களையும் தட்டுக்குக் கீழே புளியை ஒட்டிவைத்தவர்களையும் நான் நெருங்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன், அவர்கள் முகத்தில் தேவைக்கு மேல் ஒரு சிரிப்பு இருக்கும், இப்போது அது என் முகத்தில் இருக்கிறது, சீருடைக்காரப் பெண் என்னைத் தாண்டிப் பார்க்கிறாள், சுற்றுலாப் பயணியின் பையை அங்கே யாரும் நிறுப்பதில்லை.

பெரு நாட்டு மலைக்கு நாங்கள் பதினான்கு பேர் போயிருந்தோம், எல்லோரும் காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடக்கிறவர்கள், கூட்டிப்போன நாச்சிமுத்து சின்ன அளவில் சுற்றுலா நடத்துகிறவர், ஆண்டிஸ்லயும் அரிசிம்பருப்பு சாதம் என்று துண்டறிக்கையில் அச்சடித்திருந்தார், சொன்னபடி அவரே சமைத்தும் போட்டார், கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை, மூச்சு முட்டி உட்கார்ந்தவர்களின் உள்ளங்காலை அவர் தேய்த்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த மலைப்பாதையில் ஒரு சுமைகாரர் இருபது கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தொடக்கத்திலும் மறுநாள் காலை கடைசிக் கிராமத்திலும் மூட்டையை நிறுப்பார்கள், அதற்கு நாச்சிமுத்துவிடம் ஒரு வழி இருந்தது, சாவடிக்கு முந்தின திருப்பத்தில் அதிகப்படியான சாமான்களை எங்கள் பைகளுக்குள் பிரித்துக் கொடுப்பார், சாவடி தாண்டி அடுத்த திருப்பத்தில் திரும்ப வாங்கி, சமையல் சாமான் சுமக்கும் இலாரியோவின் மூட்டையில் கட்டுவார், அஞ்சு நிமிசமுங் மேடம், ஒரு கை புடிங், குக்கர் இல்லாட்டி இந்த ஒசரத்துல பருப்பு வேகாதுங், என்றார், அது உண்மைதான், உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், பருப்பு கல்லாகவே கிடக்கும், அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு நான் பையைத் திறந்தேன், சாவடி தாண்டியதும் திருப்பிக் கொடுத்தேன், என் அறைத்தோழி துளசிமணி துவரம்பருப்புப் பொட்டலத்தைக் கொடுத்தாள், கூட வந்த பல் டாக்டர் இட்லிக் குண்டாவைக் கொடுத்தார், கோயில் வாசலில் தருமம் போடுவதுபோல் ஒவ்வொருவராக முன்னால் வந்து கொடுத்தோம், இலாரியோ குனிந்து நின்று வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அந்த மலையில் நான் எதைப் பார்த்தேன், பனிமுகடு என்றார்கள், மேகம் காலுக்குக் கீழே ஓடுகிறது என்றார்கள், நான் அவருடைய குதிகாலைத்தான் பார்த்தேன், டயரை வெட்டித் தைத்த செருப்பு, வெடித்த தோல், இடது முழங்காலில் சுற்றிய சிவப்புத் துணி, படியில் ஏறும்போது அந்தக் காலை முன்னால் வைக்கவே மாட்டார், வலது காலால் ஏறி இடது காலை இழுத்துக்கொள்வார், ஓய்வெடுக்கும்போதும் உட்காருவதில்லை, மூட்டையைப் பாறைமேல் சாய்த்தபடியே நிற்பார், உட்கார்ந்தால் எழ முடியாது, நான் பேசாமல் பின்னால் நடந்தேன், பேசாமலிருப்பது எனக்குப் பழகிய சுகம், புத்தகமும் நானுமாக நாட்கணக்கில் இருக்கிறவள், ஆனால் அன்று வாயைத் திறக்காமலிருந்தது சுகமாக இல்லை, மதியம் நாச்சிமுத்துவிடம் சொன்னேன், குக்கரை நானே சுமக்கிறேன், கொடுங்கள், அவர் கரண்டியோடு சிரித்தார், ஏனுங் மேடம், ரிட்டயர்டு ஆயும் டூட்டிய விடமாட்டீங்களாட்ட இருக்குது, எல்லோரும் சிரித்தார்கள், இவிங்க பொறந்ததுலருந்து தூக்கறவிங்க, நம்மளாட்ட இல்லீங், என்றார், துளசிமணி என் காதருகே, அக்கா, பேசாம சாப்புடுங்க்கா, வந்த எடத்துல எதுக்கு வம்பு, என்றாள், தட்டில் அரிசிம்பருப்பு சாதம் ஆவி பறந்தது, நெய் மணந்தது, எனக்குக் கோபம், ஆனால் பசியும் இருந்தது, சாப்பிட்டேன், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன், அதை நினைத்தால் இன்றும் காது மடல் சுடுகிறது.

மறுநாள் காலை கடைசிக் கிராமம், கல் வீடுகள், ஒரு கூரையடியில் அதே மாதிரிக் கொக்கி, அதே மாதிரி வட்ட முகத் தராசு, திருப்பத்தில் நாச்சிமுத்து மறுபடி பிரித்துக் கொடுக்கிறார், குக்கர் என் கைக்கு வருகிறது, வாங்கிக்கொண்டேன், ஆனால் பைக்குள் வைக்கவில்லை, இலாரியோவின் மூட்டை கொக்கியில் ஏறுகிறது, முள் இருபதில் நிற்கிறது, அங்கிருந்த அதிகாரி இன்னொரு பெண், என் மகள் வயதிருக்கும் என்று நினைத்தேன், எனக்கு மகள் இல்லை, நான் வரிசையை விட்டு நடந்துபோய் அந்த மூட்டையின் கயிற்றுக்குள் குக்கரைச் செருகுகிறேன், முள் எழும்பி இருபத்தைந்தைத் தொடுகிறது, மேடம், வெளையாடாதீங், என்ற நாச்சிமுத்துவின் குரல் பின்னால் கேட்கிறது, அதிகாரி ஏதோ கேட்கிறாள், யாருடையது என்று கேட்கிறாள் என்பதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அந்தக் கேள்வியை எந்த மொழியிலும் எனக்குத் தெரியும், அப்போது இலாரியோ தன் நெஞ்சைத் தொட்டு இரண்டொரு வார்த்தை சொன்னார், எங்கள் வழிகாட்டி வில்மா, கூஸ்கோ ஊர்ப் பெண், வாயைப் பொத்திக்கொண்டாள், என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன், அது தன்னுடையது என்கிறார், தான் சமைப்பதற்காகக் கொண்டுவந்தாராம், என்றாள், பிறகு சொன்னாள், இனி அவருடைய சுமைகாரர் அட்டை எண்ணை எழுதிக்கொள்வார்கள், இந்த வருடம் அவரை மலைக்கு விடமாட்டார்கள், ஆனால் முதலாளியைக் காட்டிக்கொடுத்தால் எந்த வருடமும் வேலை இல்லை.

அதிகாரியின் பேனா அட்டையின் மேல் போகிறது, அவளுக்குத் தெரியும், மலைக்குச் சுமை தூக்க வந்தவன் பத்து லிட்டர் குக்கரில் யாருக்குச் சமைப்பான், தெரிந்தும் பேனா போகிறது, எழுதினால் வேலை முடிந்தது, அந்தப் பேனாவை எனக்குத் தெரியும், கோயமுத்தூர் வெங்காய மண்டியில் அடியில் குடைந்த இருபது கிலோ எடைக்கல்லைப் பிடித்த அன்று, சுமை இறக்குகிற காளியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்லு என்னுதுங்கம்மா, என்று முன்னால் வந்தான், மண்டிக்காரர் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மூட்டை தூக்குகிறவனுக்கு எதற்குச் சொந்தமாக எடைக்கல், நான் கேட்கவில்லை, எழுதினேன், அவன் இரண்டு வாய்தா நீதிமன்றத்துக்கு நடந்தான், பிறகு மண்டியில் அவனைக் காணவில்லை, தீபாவளிக்கு மண்டிக்காரர் அனுப்பிய இனிப்பைத் திருப்பி அனுப்பினேன், அதையே நேர்மை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது என் கண்ணுக்குக் காளியண்ணன் அந்தச் சாவடிக் கூரையடியில் டயர் செருப்போடு நிற்கிறான், இலாரியோ வெங்காயச் சருகு ஒட்டிய துண்டோடு நிற்கிறார், நான் குறிப்பேட்டின் மேல் கையை வைத்துவிட்டேன்.

இல்லை, என்றேன் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், எங்களுடையது, எங்கள் எல்லோருடையதும், பைகளைத் திறக்கச் சொல்லுங்கள், வில்மா அதை அவர்கள் மொழியில் சொன்னாள், யாரும் அசையவில்லை, கடைசியில் துளசிமணி வந்தாள், கண் நிறையக் கோபம், இந்தாங்க்கா, இதையும் தொங்கவுடுங்க, திருப்திதானே, என்று பருப்பை என் கையில் அறைந்தாள், பல் டாக்டர் இட்லிக் குண்டாவைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், அரிசி வந்தது, ஊறுகாய் ஜாடி வந்தது, நான் ஒவ்வொன்றாகக் கொக்கியில் ஏற்றினேன், முள் முப்பதைத் தாண்டியது, முப்பத்து நான்கில் நின்றது, ஒற்றை முழங்காலோடு அந்த மனிதர் முந்தின நாள் முழுவதும் தூக்கி வந்தது இதைத்தான், பதினான்கு பேரும் பார்க்கட்டும் என்று முள்ளைக் காட்டிக்கொண்டு நின்றேன், பார்க்கவில்லை, அதிகாரி முள்ளைப் பார்த்துவிட்டு அட்டையை இலாரியோவிடம் திருப்பிக் கொடுத்தாள், நாச்சிமுத்துவிடம் காகிதங்களைக் கேட்டாள், அதிகச் சாமான் சாவடியிலேயே கிடந்தது, பதினாலு பேருக்கு மூணு நாளைக்கு அவிச்ச உருளைக்கெழங்குதானுங், உங்க மனசு குளுந்துதுங்களா, என்றார் நாச்சிமுத்து, குளிரவில்லை, எரிந்துகொண்டிருந்தது, அவர்மேல் மட்டுமல்ல.

இலாரியோ என்னிடம் வந்தார், நன்றி சொல்லப்போகிறார் என்று, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன், அவர் தாழ்ந்த குரலில் நிதானமாக ஏதோ கேட்டார், வில்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள், அடுத்த வாரம் நீங்கள் இங்கே இருப்பீர்களா என்று கேட்கிறார், அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு படிகளில் ஏறிப் போய்விட்டார், இடது காலை இழுத்துக்கொண்டுதான், ஆனால் அத்தனை வேகமாக, எங்களில் யாரும் கணவாய்வரை அவரைப் பிடிக்கவில்லை, நான் வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், முள் இறங்கி வருகிறது, நடுங்குகிறது, பத்து, ஐந்து, சுழியம், அங்கே நிற்கவில்லை, சுழியத்துக்குக் கீழே இரண்டு கோடு தள்ளிப் போய் ஆடி அடங்குகிறது, ஒரு கோடு ஒரு கிலோ, எதுவுமே தொங்காத கொக்கி, நிறுப்பதற்கு முன் முதலில் வெறும் தராசைப் பார் என்பது எங்கள் வேலையின் முதல் நாள் பாடம், அதைக்கூட நான் பார்க்கவில்லை, இருபது என்று அந்த முள் சொன்னதெல்லாம் இருபத்திரண்டு, எத்தனை வருடமாக, எத்தனை முதுகில், நான் தராசின் கண்ணாடியைத் தட்டுகிறேன், அதிகாரியைக் கூப்பிடுகிறேன், அவள் அடுத்த குழுவின் மூட்டையைக் கொக்கியில் மாட்டச் சொல்கிறாள், முள் எழும்புகிறது, நான் விரல் மடக்கித் தட்டுகிறேன், இதைப் பாருங்கள், இதைப் பாருங்கள், என் மொழி அங்கே யாருக்கும் தெரியவில்லை, தட்டுகிறேன்.