ஜப்பான் வானும் இந்தியக் காரும்

காலை பத்து மணிக்கு யூஜீனியாவுக்கு நெஞ்சு வலித்தது. இடது கை மரத்து, முகம் வேர்த்துக் கொட்டியது. தலவிலயிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்கு எப்படியும் முக்கால் மணித்தியாலம். மருமகன் ஜெனிஸ்டன் தன் காரின் கதவைத் திறந்துவைத்தான்.

"வானில ஏத்துங்க," என்றார் அவள் கணவர் நிக்கொலஸ்.

அவருடைய மீன் வான் ஜப்பான் வண்டி. முப்பத்திரண்டு வருடம் மீன் பெட்டி சுமந்தும் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. கார் இந்தியா. போன மாதம் பாலாவியில் நின்றுபோனதைக் கயிறு கட்டி இழுத்து வந்ததே வான்தான். ஜெர்மன் கார் பணக்கார வீட்டுப் பிள்ளை, சின்னத் தடிமன் காய்ச்சல் என்றாலும் கொழும்புக்குத்தான் கொண்டோட வேண்டும் என்பார் நிக்கொலஸ். இந்தியக் கார் பிஸ்கட் தகரம். ஜப்பான்காரன் சொல் மாறமாட்டான்.

ஜெனிஸ்டன் மாமியை வானில் ஏற்றிவிட்டான். மனைவி டயனாவுடன் காரில் பின்தொடர்ந்தான்.

நுரைச்சோலை தாண்டியதும் முன்னால் போன பஸ் நின்றது. நிக்கொலஸ் பிரேக்கை மிதித்தார். கால் அடிவரை போய்விட்டது. வானை வலப்பக்கம் வெட்டினார். எதிரே வந்த லொறி ஹோர்ன் அடித்தபடி உரசாமல் போனது.

அவருக்கு விளங்கிவிட்டது. மீன் தண்ணீர் ஒழுகும் வானைத் தினமும் கடல் தண்ணீரால்தான் கழுவுவார். நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்ன ஜெனிஸ்டனிடம், ஜப்பானைச் சுற்றியும் கடல்தானே என்று சிரித்திருந்தார். உப்பு எஞ்சினைத் தொடவில்லை. அடியில் பிரேக் பைப்பைத் தின்றிருந்தது.

எஞ்சின் அப்போதும் அருமையாக ஓடியது. அதுதான் பயம்.

கியரிலேயே சமாளித்துப் போய்விடலாம் என்று நினைத்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. யூஜீனியாவின் உதடு கறுத்திருந்தது.

"ஏன் வானை இப்பிடி ஓடுறீங்க?" கண் திறக்காமல் கேட்டாள்.

அவர் கியரைக் குறைத்தார். வானை வீதியோர மணலில் இறக்கினார். அது உழுதுகொண்டு போய் நின்றது.

ஜெனிஸ்டன் ஓடி வந்தான்.

"பிரேக் இல்ல, மகன்."

இருவரும் அவளைத் தூக்கிக் காரில் கிடத்தினார்கள். ஜெனிஸ்டன் சாவியைத் திருப்பினான். கார் இருமிவிட்டு அடங்கியது. மறுபடியும் அடங்கியது. நிக்கொலஸ் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார். மூன்றாம் முறை எஞ்சின் பிடித்தது.

"மிதி, மகன்."

ஆஸ்பத்திரியில் ஒரு மணித்தியாலம் கழித்து டொக்டர் வெளியே வந்தார். ஆபத்து நீங்கிவிட்டதாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டமாம். நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று நிக்கொலஸின் தோளைத் தொட்டார்.

"நானில்ல டொக்டர்," என்றார் நிக்கொலஸ். "மருமகன்."