கண்ணாடிக்கு ஆதரவாக

அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மகள் மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். குடும்பத்தையும் சேர்த்து நாற்பது பேருக்குத்தான் அனுமதி. அதை வாங்கியவனும் அவன்தான்; அரசாங்க குமாஸ்தா. ஒரு தலை கூடினால் அவன் தலை போகும்.

ஐந்து பேருக்கு மேல் கூடத் தடை வந்து ஒரு வருடமாகிறது. சாவுக்கு மட்டும் விலக்கு. அதனால் தெருவுக்கே செத்தவர் மேல் திடீர்ப் பாசம். கண்ணைத் துடைத்த கையோடு, "எங்கடி இருக்கே, ஆளையே காணோம்!" என்று விசாரிப்பு வேறு. தையற்காரி சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.

அப்பா முப்பது வருடம் தெருச் சங்கத்தின் செயலாளர். குப்பைத்தொட்டி எங்கே, விளக்குக் கம்பம் எங்கே, எல்லாம் கை தூக்கித்தான் முடிவாகும். வீட்டிலும் அதே கூத்து. கத்தரிக்காயா வெண்டைக்காயா என்பதற்கே வாக்கெடுப்பு. சமைக்கிறவளுக்கும் ஒரே ஓட்டுதானா என்பது அம்மாவின் தீராத மனக்குறை.

பிறகு, கேள்வி கேட்ட பத்திரிகை நின்றது; காகிதத் தட்டுப்பாடாம். நீதிபதிகளுக்கெல்லாம் ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போனது. தேர்தலை மழைக்காகத் தள்ளிவைத்தார்கள். மூன்று கோடை போயும் அந்த மழை விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் தெரு, "நமக்கென்ன?" என்றது. கடைசியில் சங்கத்தையே கலைத்து, தலைவர் ஒருவரை மேலிருந்து இறக்கினார்கள். பொது இடத்தில் கை தூக்குவது குற்றமானது. ஜனங்கள் பேருந்தைக்கூடத் தலையை ஆட்டித்தான் நிறுத்தினார்கள்.

"போறதுக்குள்ள இன்னொரு தரம் கை எண்ணிடணும்டி" என்று ஆஸ்பத்திரியில் அப்பா மகளிடம் சொன்னார். எண்ணாமலே போய்விட்டார்.

"கண்ணாடிய உள்ள பீரோல வைம்மா, ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்றான் அண்ணன்.

"அது இல்லேன்னா அவருக்கு எதிர்ல இருக்கிற மூஞ்சியே தெரியாதுண்ணா. போட்டே அனுப்பலாம்."

"இனிமே எதைப் பாக்கப் போறாரு?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள்.

"சரி, அப்பா வழக்கப்படியே முடிவு பண்ணிடலாம். கண்ணாடியோட அனுப்பணும்ங்கறவங்க கை தூக்குங்க."



"அடிப்பாவி, என் வேலைக்கு உலை வைக்கிறியா?" அண்ணனின் கண் கூடத்து மூலைக்கு ஓடியது.

அங்கே நோட்டும் பேனாவுமாக, அனுமதித்த நாற்பதில் சேராத ஆளாக, 'குறிப்பு' நின்றிருந்தான். இதே தெருக்காரன், முன்பு சங்கத்துக் கூட்டங்களில் கடைசி வரிசை. இப்போது தெருச் சங்கதிகளை மேலிடத்துக்கு எழுதிப்போடுவது அவன் உத்தியோகம். வம்பு கேட்பது யாரும் செய்வதுதான். இவன் அதைத் தேதி போட்டு வைப்பான்.

முதலில் எழுந்தது அம்மாவின் கை. இரண்டும்.

"கட்டினவளுக்கு இன்னிக்காவது ரெண்டு ஓட்டு உண்டா?"

"ஒண்ணுதாம்மா."

தையற்காரி குபுக்கென்று சிரித்தபடியே கை தூக்கினாள். பால்காரர் தூக்கினார். அப்புறம் கூடமே கையாகிவிட்டது.

"இறக்குங்க! எனக்கு இதுல சம்மதமில்ல!" என்றான் அண்ணன்.

"எதிர்ப்புன்னா நீயும் கை தூக்கித்தான்டா சொல்லணும்" என்றாள் அம்மா.

அண்ணன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மகள் தன்னிலிருந்து தொடங்கி, அப்பாவைப் போலவே விரல் நீட்டி எண்ணினாள். "முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது..." விரல் மூலைக்குப் போய் நின்றது. "நாப்பது."

"யோவ் குறிப்பு, உன் கை!" என்றாள் தையற்காரி.

பேனாவோடு மேலே நின்ற தன் கையை அவன் யாருடையதோ போலப் பார்த்தான். பழக்கதோஷம். எழுத வேண்டுமென்றால் அதை இறக்க வேண்டும். அவன் இறக்கவில்லை.

அண்ணன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, காதைச் சொறிகிற சாக்கில் கையை உயர்த்தினான்.

"நாப்பத்தொண்ணு" என்றாள் மகள்.

குனிந்து அப்பாவுக்குக் கண்ணாடியை மாட்டினாள். யாரும் இன்னும் கையை இறக்கவில்லை. துடைத்த இரண்டு சில்லுகளிலும் சின்னச் சின்னதாக, நெருக்கியடித்துக்கொண்டு, கைகள்.