முக்காலை அரையால் வகுத்தால்

...மறுபடியும் முதல் பின்னத்தைத்தான் கவிழ்த்திருக்கிறாள் இந்தப் பெண், இரண்டாவதைத்தான் கவிழ்க்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி எழுதி டீச்சருக்குத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். முக்காலை அரையால் வகுத்தால் ஒன்றரை, இவளுக்கு ஆறில் நான்கு வந்திருக்கிறது, அதையாவது மூன்றில் இரண்டு என்று சுருக்கினாளா, அதுவும் இல்லை, தப்பைக்கூட முழுசாகச் செய்யவில்லை... பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இன்னும் முகம்கூடக் கழுவவில்லை, சாப்பாட்டு மேசை முழுக்க விடைத்தாள். இதே பெண்தான் வகுப்பில் எழுந்து கேட்டாள், டீச்சர், வகுத்தா குறையத்தானே செய்யணும், ஏன் கூடுது? விதி அப்படி, கவிழ்த்துப் பெருக்கு, உட்கார், என்று வாயை அடைத்தாயிற்று. நல்ல கேள்வி, பதில் சொல்லத் தெம்பு இருந்தால்தானே.

போனில் அண்ணன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டான், "அண்ணிக்கு முதுகு ஆபரேஷன்னு முடிவாயிடுச்சும்மா. அங்க உன் முறை முடிஞ்சதும் அம்மாவை இனிமே என்னால வச்சுக்க முடியாது. என்னோட அரை வருஷத்தை நீயும் தங்கச்சியும் பாதிப் பாதியா பிரிச்சுக்குங்க." அவகிட்ட பேசினியா என்றால், நீ பேசேன், நீ சொன்னா கேப்பா என்கிறான். அரையை இரண்டால் வகுத்தால் கால், தன் அரையோடு சேர்த்தால் முக்கால், கணக்கு என்னவோ சுத்தமாகத்தான் வருகிறது. ஆனால் தங்கை வீட்டில் மாடிப்படி ஏற வேண்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பாள், அந்தக் காலும் கடைசியில் இங்கேதான் வந்து விழும்... பெற்றவளைத் தொகுதி, பகுதி என்று போட்டுச் சுருக்கிக்கொண்டிருக்கிறோமே, எரிச்சல் அண்ணன் மேலா, தன் மேலா? பார்க்கலாம்ணா என்று வைத்துவிட்டாள்.

அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள், எப்போது வந்தாளோ. "யாரு, அண்ணனா?" ஆமாம்மா, சும்மாதான். சும்மா என்றால் நம்புகிற ஆளா அம்மா? "உங்க அண்ணி உடம்பு முதல்ல தேறட்டும். நான் இங்கயே இருக்கறதா இருந்தா சொல்லு, துணியெல்லாம் எடுத்து அலமாரில வச்சுக்கறேன். பெட்டிக்குள்ளயே கிடந்து கசங்குது."

பெட்டியிலிருந்தா இத்தனை வருஷமும் எடுத்து உடுத்திக்கொண்டிருந்தாள்? அம்மா வருவாள், போவாள், வரும்போது மருந்து இருக்கிறதா என்று கேட்டதுண்டு, கண்ணாடி மாற்ற வேண்டுமா என்று கேட்டதுண்டு, இதைக் கேட்கத் தோன்றவே இல்லையே... எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டு கணவருடையது, நடுத்தட்டு தன்னுடையது, கீழே போர்வைகளும் யாருக்கும் வேண்டாத தலையணைகளும். "இப்பவே வேணாம்மா, உனக்கு வேலை கிடக்கு," என்றாள் அம்மா பின்னாலிருந்து. இல்லம்மா, இதோ, என்று போர்வைகளை அள்ளிவிட்டாள், அள்ளிய பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். கை கனத்தது. என் அரை வருஷம், உன் அரை வருஷம், தங்கச்சியோட கால் வருஷம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்... அம்மாவோட வருஷம் என்று நம்மில் ஒருவராவது சொன்னதுண்டா?