ஸ்டெஃபியின் இன்னொரு காது

1

“எனக்கும் வேணும்.”

இந்தக் கதை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஜெசிந்தா முடிவு செய்திருக்கிறாள். மூத்த பெண்ணாகப் பிறந்தவள் வாயில் வரக் கூடாத சொல் அது. ‘வேணும்’ கூடப் பரவாயில்லை. ‘எனக்கும்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கிற ‘உம்’தான் குற்றம். தங்கச்சி தட்டைப் பார்க்காதே என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருக்கிறார்கள்.

கதை எதிலிருந்து பிறந்தது என்பதையும் சொல்லிவிடலாம்: பொறாமை. வேறு நல்ல பெயர் தேடினாள், கிடைக்கவில்லை. ‘நான்’ என்று எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் மூக்கைச் சிந்தியது. அதனால் ‘அவள்’.

2

வேறொரு தொடக்கம்: சேர்வராயன் மலையில் பனி இறங்கும் காலையில்

(வேண்டாம். அதை ஏற்காட்டுக்குப் பனி பார்க்க வருகிறவர்கள் எழுதட்டும்.)

அக்காவுக்கும் தங்கைக்கும் சின்ன வயதிலிருந்தே காதில் சீழ். காது மந்தமாகிக்கொண்டே போனது. துளைக்குள் செருகும் காது மிஷினைப் போட்டால் சீழ் இன்னும் கூடும். ஜெசிந்தா அதையும் பஞ்சையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வாத்தியார்களின் உதட்டைப் படித்தே பி.ஏ. முடித்தாள். அந்த வீட்டில் அதுதான் முதல் பட்டம்.

போன வருஷம் சேலத்தில் இருவரையும் சோதித்தார்கள். நடுக்காது எலும்பில், அரிசி மணி அளவுக்கு ஓர் அதிர்வுக் கருவியை ஆபரேஷன் செய்து பொருத்துவார்களாம். வெளியே, காதுக்குப் பின்னால் முடிக்குள், காந்தத்தில் ஒட்டும் ஒரு வில்லை. அது சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும். காதுத் துளையில் எதுவும் அடைக்காது. இருவருக்கும் பொருந்தும் என்றார் டாக்டரம்மா. ஆனால் இலவசமாகச் செய்துதரும் டிரஸ்டில் ஓர் இடம்தான் இருந்தது. “நீ படிச்சவ, பொழச்சுக்குவ” என்றார் அப்பா. ஜெசிந்தா தலையாட்டினாள். தங்கை ஸ்டெஃபிக்கு ஒரு காது வந்தது.

(இவளைத் தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். ஆடியது கழுத்து மட்டும்.)

3

ஸ்டெஃபியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கெட்டவளாக எழுதினால் கதை சுலபம். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் எரிச்சல்.

தகர ஷீட்டில் மழை கொட்டும்போது, “அய்யோ, நொம்பக் கத்துதுக்கா இந்த மழை, தலை வலிக்குது” என்று வில்லையைப் பிய்த்தெடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பாள்.

கத்துகிறதாம்! மழை பெய்வதை ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். வேண்டாமென்றால் கழற்றி வைக்கவும் ஒரு காது இருக்கிற சொகுசைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. யாரும் பார்க்காதபோது அந்த வில்லையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். உள்ளே கருவி இல்லாத தலையில் அது ஒட்டவில்லை. தரையில் விழுந்தது.

(விழுந்ததை மிதித்தாள் என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டாள். மிதிக்கவில்லை, ஆனால் கால் கொஞ்சம் யோசித்தது.)

4

அப்படியொரு மழைக்காலக் காலையில் டிரஸ்டிலிருந்து போன். இன்னோர் இடம் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் ஆள் நேரில் சேலம் வந்து டாக்டரம்மாவிடம் பெயர் கொடுக்க வேண்டும். அப்பா லூர்துராஜ் அதை அம்மாவிடம் சொன்னபோது, ஜெசிந்தா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

“ஸ்டெஃபிக்கு இன்னொரு [      ] பண்ணிப்போடலாம். மாப்பிள்ளை ஊட்டுல [      ] சொல்ல மாட்டாங்க.”

(வெற்றிடம் இருந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பொருள். அவற்றை நிரப்பப் பட்டம் தேவையில்லை.)

அப்போதுதான் அவள் இந்தக் கதையின் முதல் வரியைச் சொன்னாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது.

“ஏங்கண்ணு இப்பிடிக் கத்துற?” அம்மா சாந்தாமேரி கரண்டியோடு திரும்பினாள். “நீதான் உதட்டைப் பாத்தே வக்கீலாட்டம் எல்லாம் புரிஞ்சுக்கறயே, உனக்கெதுக்கு?”

“புரிஞ்சுக்கிட்டது தப்பாம்மா? அவளுக்கு ஒண்ணு இருக்குது. எனக்கு ஒண்ணுகூட இல்ல.”

“தங்கச்சிகூடப் போட்டியா சாமி?”

“ஆமா. போட்டிதான்.”

உள்ளேயிருந்து ஸ்டெஃபி வந்தாள். “மெதுவாப் பேசுக்கா. காது கூசுது.”

இந்த வரியை ஜெசிந்தா மென்மையாக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஸ்டெஃபி அப்படித்தான் சொன்னாள். தனக்குக் கேட்கட்டும் என்றே இத்தனை வருஷம் கத்திப் பழகிய அக்காவின் தொண்டையிடம் சொன்னாள்.

5

முடிவுகள்.

அம்மா மனம் மாறுவது: எழுதினாள், அம்மா மாதிரியே இல்லை.

அக்கா விட்டுக்கொடுப்பது: அதுதான் போன வருஷமே ஆயிற்றே.

தங்கை கட்டிப்பிடித்து அழுவது: மழைக்கே தலைவலி வருகிறவள், அழுகைச் சத்தத்தை எப்படித் தாங்குவாள்?

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யோசித்து முடிக்கும்வரை ஜெசிந்தா நிற்கப்போவதில்லை. டாக்டரம்மாவிடம் தன் பெயரைத் தானே சொல்லப் போகிறாள். பையைத் தோளில் போட்டாள், செருப்பை மாட்டினாள், சேலம் பஸ் நிற்கும் வளைவை நோக்கி நடந்தாள்.

பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டிருக்கலாம். “போகாத கண்ணு” என்றோ, “கொடையாச்சும் எடுத்துக்க” என்றோ. உங்களுக்குக் கேட்டிருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் கேட்க வேண்டுமானால் திரும்பிப் பார்க்க வேண்டும். அவள் திரும்பவில்லை.