கோழிக்கூண்டுக் கல்

"அதுக்குன்னு கோழிக்கூண்டு மேல கெடந்த கல்லையா தூக்கிட்டு வருவ? கோழி அம்புட்டும் தெருவுல திரியுது, ஏட்டி!"

"நம்ம காட்டுக் கல்லுன்னு வேற எது இருக்கு, யப்பா? காட்டத்தான் போன வருசமே வித்துட்டியளே."

சின்னக்கருப்பன் மகளைப் பார்த்தார். கூனிமலையின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தாள் மாரிக்கனி.

கூனிமலை பெரிய மலையில்லை. பின்னால் மேற்கு மலைகள் நீலமாக நிற்க, இது மட்டும் தனியே குனிந்து எதையோ தேடுவது போலிருக்கும். அதை யாரும் படமெடுப்பதில்லை. ஆனால் சுற்றியுள்ள நான்கு ஊர்களிலும் பட்டாளத்துக்குப் போகிறவன் தன் புஞ்சைக் காட்டுக் கல்லொன்றைத் தலையில் சுமந்து, இந்த மலையுச்சியில் வைத்துவிட்டுத்தான் ரயிலேறுவான். வேலை முடிந்து வந்ததும் அதை இறக்கிக்கொண்டு வருவான். இறக்க ஆள் வராத கற்கள் ஏழு அங்கே இருக்கின்றன. சின்னக்கருப்பனின் கல் பதினெட்டு வருடம் மேலே இருந்தது. இறங்கி வந்தபின் கோழிக்கூண்டுக்குப் பாரமானது.

மாரிக்கனிக்கு அன்று சாயந்தரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில். அந்த நான்கு ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போகும் முதல் பெண் அவள்தான்.

ஆடுகளோடு வந்த வேல்பாண்டி நின்றார். "என்ன மச்சான், மக கல்லு ஏத்தப் போகுதாக்கும்? பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு தாயி இம்புட்டுப் பெரிய கல்லு? ஒரு கூழாங்கல்ல பையில போட்டுக்கிட்டுப் போ."

"அங்க எனக்குன்னு சின்னத் துப்பாக்கியா குடுப்பாவ, மாமா?"

வேல்பாண்டி ஆடுகளை அதட்டிக்கொண்டே நகர்ந்தார்.

"கேட்டியா? ஊரே இப்படித்தான் பேசும்" என்றார் சின்னக்கருப்பன். "வண்டிய எடு."

"பேசட்டும். கல்லு ஏறாம நான் ரயில் ஏற மாட்டேன்."

துப்பட்டாவைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்தாள். குனிந்து கல்லை முழங்காலுக்குத் தூக்கினாள். அங்கிருந்து இடுப்புக்கு. பல்லைக் கடித்து மார்புவரை கொண்டுவந்துவிட்டாள். அதற்குமேல் தனி ஆளால் ஆகாது. தலைக்கு ஏற்ற இன்னொருவர் வேண்டும். அதுவும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர் கைதான் தொட வேண்டும் என்பது அந்த ஊர்களின் வழக்கம்.

சின்னக்கருப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் கால்களை அகற்றி ஊன்றிக்கொண்டாள். கல்லைக் கீழே போடவில்லை.

"யப்பா, செத்த தூக்கி விடுங்க."