மண்புழுக் குழிக்கு வந்த மரியாதை

அதிகாரி வரப்போகிற நாள் அது. காலையில் குழியின் மேல் கிடந்த தென்னங்கீற்றைத் தூக்கிப் பார்த்த பொன்னியம்மா அக்கா, "சாமுண்டி!" என்று போட்ட கூச்சலில், நான் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடினேன். குழி முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற காலிமனையில், சுற்றுவட்டாரக் குப்பையை லாரியில் கொண்டுவந்து கொட்டுவதாக ஏற்பாடு. என் மகளுக்கு இளைப்பு. லாரி வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? பொன்னியக்காதான் கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நடையாய் நடந்து, "எங்க பக்கத்து குப்பைய நாங்களே மண்புழு வுட்டு எருவாக்கிக் காட்டுறோம் சார்" என்று கெஞ்சி, ஆறு மாதத் தவணை வாங்கினாள். வீடு வீடாகக் காய்கறித் தோலும் ஊசிப்போன சோறும் வாங்கி, பிளாஸ்டிக் பையைப் பொறுக்கி எறிந்து, சாணி கரைத்து ஊற்றி வளர்த்த புழு அது. பெற்ற பிள்ளையைக்கூட அவள் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

அவள் புருஷன் துலுக்கானம், துவைத்த காக்கிச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாய்ச் சிரித்துக்கொண்டே வந்தார். அதே ஆபீசில் தினக்கூலி. மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும் ரோட்டோரம் வெள்ளைக் கோடு இழுப்பது அவர்தான். அதில் அவரை அடிக்க ஆளில்லை.

"இன்னாமே அப்டி பாக்குற? ஆபீசர் மூஞ்ச சுளிக்கக் கூடாதுன்னு, வெள்ளென எழுந்து பவுடர் போட்டு, நல்லா கிளறி, தண்ணி தெளிச்சேன். ஒரு புழு இல்ல, சுத்தமா கீது!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எனக்கு அந்த மனுஷனை அதே குழியில் தள்ளி மூடலாம் போலிருந்தது.

"யோவ் மாமா! அந்தப் புழுவக் காட்டத்தான்யா ஆபீசரையே வரச்சொன்னது!" என்று கத்தினேன்.

"எருதான் ஆயிடுச்சே, புழு எதுக்கு?" என்றார் பாவி, நிஜமாகவே புரியாமல்.

பொன்னியக்கா குழியில் குதித்து வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தாள். கைக்கு வந்ததெல்லாம் வெளுத்துச் சுருண்ட புழு. நான் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினேன். "ஒண்ணாவது உசுரோட கீதா பாரு சாமுண்டி, ஒண்ணாவது..." என்று அடிமண்வரை போய்விட்டாள். விரலெல்லாம் வெந்து தோலுரிந்தது. நடுவில் ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்தாள்.

"பவுடர் ஏதுய்யா?"

"ஆபீசு கொடோன்லேர்ந்து எடுத்தாந்தேன். கேட்டா குடுப்பானுங்களா?"

அவள் முகம் மாறிப்போனது. ஒரு சட்டி பவுடரை வீட்டுக்கு எடுத்துப் போனதற்காக, அவரோடு தினக்கூலியாக இருந்த தங்கவேல் என்பவரை வேலையை விட்டு நிறுத்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஜீப் வந்தது. அதிகாரி ஒரு குச்சியால் குழியைக் கிளறினார். இன்னொரு பக்கமும் கிளறினார்.

"எங்கம்மா புழு? இதுல யாரு பவுடர் போட்டது?"

எனக்கு வாய் நீளம். திறந்தும்விட்டேன். பொன்னியக்காவின் ஈரக்கை என் மணிக்கட்டை நெரித்தது.

"நாந்தான் சார். நாத்தம் போவட்டும்னு கடையில வாங்கிப் போட்டுட்டேன்."

அதிகாரி கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். "ஆறு மாசம் குடுத்தேனேம்மா. இதுக்கு மேல நான் என்னன்னு எழுதறது? திங்கட்கிழமை லாரி வந்துரும்" என்றார்.

"இன்னும் ஒரே மாசம் சார், உங்க புள்ளைங்க நல்லாருக்கும்" என்று அவள் குழிக்குள் நின்றபடியே கும்பிட்டாள். அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அதுவரை சுவரோரம் கைகட்டி நின்றிருந்த துலுக்கானத்துக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. ஜீப் கிளம்பியதும், "சார்! அவ இல்ல சார், நாந்தான் சார்! கொடோன் பவுடர் சார்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

பொன்னியக்கா குழியிலிருந்து விழுந்து எழுந்து ஏறினாள். "ஐயோ, அந்தாளப் புடிங்களேன்! வேலையும் பூடுமே, யாராவது புடிங்களேன்!"

ஜீப் நிற்க வேண்டுமா, நிற்காமல் போக வேண்டுமா என்று தெரியாமலே நானும் அவர்கள் பின்னால் ஓடினேன்.