இல்லாத முப்பதாம் நாள்

யூமெய் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். காலண்டரைப் பார்க்காமல் வாயைத் திறந்துவிட்டாள். அல்ஜீரியாவுக்குச் சாலை போடப் போய் மூன்று வருடமான அவள் கணவன் தாலின், எந்த நாளுக்கு டிக்கெட் எடுக்க என்று போனில் கேட்டான். இருபத்தொன்பதாம் நாள் விடிகாலை விருந்து, முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். நாலு வயது மகள் ஷான்ஷானுக்கும், இருபத்தொன்பதாம் நாள் அப்பா வந்து நம்மோடு சாப்பிடுவார் என்று பாடம் படித்துக் கொடுத்தாள்.

யூமெய் வீட்டார் சீன மலைநாட்டுத் துஜியா இனத்தார்; ஊருக்கெல்லாம் ஒரு நாள் முந்தி வருடக் கடைசி விருந்து சாப்பிடுகிறவர்கள். முன்னோர்கள் போருக்குப் போகும் அவசரத்தில் அப்படிச் சாப்பிட்டார்களாம், அன்று தொடங்கிய வழக்கம். கடைசி மாதத்துக்கு முப்பது நாள் என்றால் இருபத்தொன்பதில் விருந்து. ஆனால் மாதமெல்லாம் நிலாக் கணக்கு; இந்தப் பாழாய்ப்போன நிலா என்றைக்கு ஒரே கணக்கில் நின்றது? ஒரு மாதத்துக்கு முப்பது நாள் கொடுக்கும், அடுத்ததற்கு இருபத்தொன்பதோடு கையை விரித்துவிடும். இப்படியே வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் குறைந்துகொண்டே போனால் வருடப் பிறப்பான வசந்தப் பண்டிகை நடுக்குளிருக்குப் போய்விடும். அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் செருகுவார்கள். இந்த வருடம் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்தது. புருஷனுக்காக நாளை எண்ணுகிறவள் தலையில் இன்னொரு மாதத்தைக் கட்டினால் எப்படி இருக்கும்? அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தாள்.

கடைசி மாதம் பிறந்ததும் மாமியார் காலண்டரைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை முப்பதாம் நாளே கிடையாது, விருந்து இருபத்தெட்டில் என்றாள். தாலின் வந்து சேர்வதே அன்று சாயங்காலம்தான். பண்டிகைக் கூட்டத்தில் வேறு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு நாள் தள்ளி வைக்கலாமா அத்தை என்று மூன்று தடவை கெஞ்சிப் பார்த்தாள்.

"முன்னோருக்கு வச்ச நாளை மாத்த முடியாது. வர்றவன் என் புள்ளதானே? எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றாள் கிழவி.

இருபத்தெட்டாம் நாள் விடியுமுன் கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆவியில் வெந்த பெரிய பெரிய பன்றிக்கறித் துண்டுகள், முள்ளங்கியும் தோஃபுவும் கோஸும் ஒன்றாய்க் கொதித்த சட்டி. வெளியூரில் இருக்கிறவருக்கும் பங்கு உண்டு என்று, தாலினின் நீலக் கிண்ணத்தில் சோறு போட்டு, சாப்பிடும் குச்சிகளைப் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று வருடமாக ஷான்ஷான் கண்ட அப்பா அந்தக் கிண்ணம்தான். மற்ற வருடங்களில் விருந்து முடிந்ததும் அந்தச் சோற்றைச் சட்டியில் கொட்டிவிடுவார்கள். இன்றைக்கு யூமெய் அதை எடுத்து மூடி வைத்தாள். ஒரு வாயாவது அவர் அந்தக் கிண்ணத்தில் சாப்பிட வேண்டும், அது போதும் என்று நினைத்தாள்.

சாயங்காலம் அவன் வந்தான். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, யூமெய்க்கே ஒரு நிமிடம் யாரோ போல இருந்தது. கிழவி மகன் கையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். யூமெய் சோற்றைச் சுடவைத்து நீலக் கிண்ணத்தில் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவன் குச்சியை எடுத்தான்.

ஷான்ஷான் ஓடிவந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, இந்த மாமாவுக்கு வேற கிண்ணம் குடும்மா. இது எங்கப்பாவுது."

தாலின் குச்சியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"உங்கப்பா எப்ப வருவார்?"

"இருபத்தொம்பதாம் நாள். அம்மா சொல்லியிருக்கா. நாளைக்கு."

"சரி," என்றான் அவன். "அப்ப நானும் நாளைக்கே சாப்பிடுறேன்."

யூமெய் அடுப்படிக்குள் போய், இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.